ஒரே சாலை, இரண்டு உரிமம்
எல்லையோரக் கடைக்காரர்கள் தீபாவளிச் சரக்கு எடுக்கும் முன் ஒரு வார்த்தை

காலாப்பட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர் சரக்கு எடுக்கப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சிறிது தூரம் வந்ததுமே அவர் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து விடுகிறார். பொம்மையார்பாளையம், பெரியமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டை வந்த பிறகுதான் மறுபடியும் புதுச்சேரி. சரக்கை ஏற்றிக் கொண்டு திரும்பும்போதும் இதே கதைதான். வடக்கே மரக்காணம் பக்கம் போனாலும் சில நிமிடங்களில் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போன எல்லைக் கோடு இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது.

அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு வரைக்கும் இந்தக் கோடு நமக்குப் பெரிய தொல்லை இல்லை. பில் சரியாக இருந்தால் போதும். ஆனால் ஆயுத பூஜை முடிந்ததும் கடைக்கு வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். "அண்ணாச்சி, பட்டாசு வந்தாச்சா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் இந்தக் கோடு விழித்துக் கொள்கிறது.

நம் வணிகர்களிடையே இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. "இது பாண்டிச்சேரி, இங்கே சட்டம் வேறு, அவ்வளவு கெடுபிடி கிடையாது" என்பார் ஒருவர். "எல்லாம் மத்திய அரசு சட்டம்தான், ஒரு பக்கம் லைசென்ஸ் இருந்தால் மறு பக்கமும் செல்லும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. இரண்டுமே கடைக்காரரைக் காவல் நிலையத்தில் கொண்டு போய் நிறுத்தக் கூடியவை. ஆகவே எது எல்லா மாநிலத்துக்கும் பொது, எது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது என்பதைப் பிரித்துத் தெரிந்து கொள்வது நல்லது.

எல்லோருக்கும் பொதுவான சட்டம்

பட்டாசு என்பது சட்டத்தின் கண்ணில் விளையாட்டுப் பொருள் அல்ல, வெடிபொருள். 1884ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் காலத்தில் வந்த வெடிபொருள் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அதன் கீழ் இப்போது நடைமுறையில் இருப்பவை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள். அதற்கு முன் 1983ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. இவற்றை நிர்வகிக்கும் மத்திய அமைப்பின் தலைமையகம் நாகபுரியில் இருக்கிறது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு என்பது அதன் பெயர். சுருக்கமாக 'பெசோ' என்கிறார்கள்.

இந்தச் சட்டமும் விதிகளும் காலாப்பட்டுக்கும் கோட்டக்குப்பத்துக்கும் ஒன்றுதான். காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும், மாஹேக்கும் கண்ணூருக்கும், ஏனாமுக்கும் காக்கிநாடாவுக்கும் ஒன்றுதான். யூனியன் பிரதேசம் என்பதால் தனிச் சலுகை எதுவும் கிடையாது. உரிமம் இல்லாமல் விற்பனைக்குப் பட்டாசு வைத்திருந்தால் சட்டத்தின் 9பி பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. உரிமம் இல்லாமல் தயாரித்தால் 3 ஆண்டு வரை.

சத்தத்துக்கும் நாடு முழுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 1999ஆம் ஆண்டு மத்திய அரசு சுற்றுச்சூழல் விதிகளில் சேர்த்தது. கந்தகத்தோடு குளோரேட் கலந்த வெடிகளுக்கு 1992 ஜனவரியிலேயே தடை வந்து விட்டது. லேசாக உரசினாலும் வெடித்து விடக் கூடிய கலவை அது.

மாறுவது எது?

சட்டம் ஒன்று என்றால் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது எது? மூன்று விஷயங்கள்.

முதலாவது, உரிமம் கொடுக்கும் கை. கடையில் வைத்து விற்பதற்கான உரிமத்துக்கு எல்.இ. 5 என்று பெயர். வாணவெடிகள் 100 கிலோ வரையிலும், கம்பி மத்தாப்பு, சீன வெடி வகைகள் 500 கிலோ வரையிலும் வைத்துக் கொள்ள மாவட்ட நிர்வாகமே உரிமம் கொடுக்கலாம். அதற்கு மேல் வாணவெடி 300 கிலோ, மத்தாப்பு வகைகள் 1,200 கிலோ வரை என்றால் பெசோ அதிகாரியிடம் போக வேண்டும். காலாப்பட்டுக் கடைக்குப் புதுச்சேரி மாவட்ட நிர்வாகம். கோட்டக்குப்பம் கடைக்கு விழுப்புரம் மாவட்ட நிர்வாகம். காவல் துறை வேறு, தீயணைப்பு நிலையம் வேறு, வருவாய்த் துறை வேறு. விண்ணப்பம் வாங்கும் கடைசித் தேதியும் வேறு.

இங்கே நம்மவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. உரிமம் ஆளுக்குக் கொடுப்பது அல்ல, இடத்துக்குக் கொடுப்பது. விண்ணப்பத்தோடு வரைபடம் கேட்பது அதற்காகத்தான். அந்த வரைபடத்தில் காட்டிய நான்கு சுவருக்குள் மட்டுமே அந்த உரிமம் செல்லும். ஒருவருக்குக் காலாப்பட்டில் ஒரு கடை, இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டுப் பகுதியில் தம்பி பெயரில் ஒரு கடை இருக்கலாம். இங்கே மீந்த பத்துப் பெட்டியை அங்கே அனுப்பினால் அது கடைக்குக் கடை சரக்கு மாற்றுவது அல்ல. உரிமம் இல்லாத இடத்தில் வெடிபொருள் வைத்த குற்றம். எல்லையே குறுக்கிடாமல் ஒரே தெருவில் எதிர்க் கடைக்கு அனுப்பினாலும் இதே கதிதான். எல்லையும் சேர்ந்து கொண்டால் இரண்டு மாநிலத்துப் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

இரண்டாவது, வெடிக்கும் நேரம். மூன்றாவது, அந்தந்த மாநில அரசு அந்தந்த ஆண்டில் எடுக்கும் முடிவு. இவை இரண்டையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காலையா, மாலையா?

2005ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பட்டாசு வெடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து முதல் வெடி வெடிப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த உத்தரவைக் கேட்டவர்கள் அன்றைக்கே முகம் சுளித்தார்கள்.

2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை இரண்டு மணி நேரம் மட்டுமே என்று அது சொன்னது. வடக்கே தீபாவளி இரவுப் பண்டிகை. அவர்களுக்கு அந்த நேரம் பொருந்தும். நமக்கு நரக சதுர்த்தசி விடியலில் பண்டிகை. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அக்டோபர் 30 அன்று நீதிமன்றம் ஒரு திருத்தம் சொன்னது. தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களில் நேரத்தை அந்தந்த அரசு மாற்றிக் கொள்ளலாம், ஆனால் ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதே அந்தத் திருத்தம்.

அதன்படி தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அறிவித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே நேரம்தான் வந்தது. 2018 தீபாவளியன்று நேரம் தவறி வெடித்ததாகத் தமிழ்நாட்டில் 2,000க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. உரிமத்துக்கும் நேரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு வரி உண்டு. தடை செய்த சரக்கு விற்கப்பட்டால் அந்தப் பகுதிக் காவல் நிலைய அதிகாரியே நீதிமன்ற அவமதிப்புக்குப் பொறுப்பாவார் என்பது அது. தீபாவளி நேரத்தில் போலீஸ்காரர் ஏன் இவ்வளவு விறைப்பாக வந்து நிற்கிறார் என்பதற்கு இதுவே காரணம். அவர் தலைக்கு மேலும் கத்தி தொங்குகிறது.

நேரத்தை அறிவிப்பது அந்தந்த அரசு என்பதால் எல்லையின் இரு புறமும் வாடிக்கையாளர் வைத்திருக்கும் கடைக்காரர் இரண்டு அறிவிப்பையும் பார்த்து வைத்திருக்க வேண்டும். கடை வாசலில் அந்த ஆண்டு நேரத்தை ஓர் அட்டையில் எழுதித் தொங்க விடுவது பெரிய செலவில்லை. வாங்கிப் போகிறவர் பையன் மாட்டிக் கொண்டால், முதலில் "எந்தக் கடையில் வாங்கினாய்?" என்றுதான் கேட்பார்கள்.

மற்ற மாநிலங்களைப் பாருங்கள்

மாநில அரசின் முடிவு வியாபாரியின் கல்லாவை எப்படித் தாக்கும் என்பதற்கு மற்ற மாநிலங்களில் பாடம் இருக்கிறது.

மேற்கு வங்கத்தில் நீண்ட காலம் சத்த அளவு 90 டெசிபல்தான். நாடு முழுவதும் 125 என்று இருந்தபோது அங்கே மட்டும் 90. சிவகாசியிலிருந்து மற்ற மாநிலங்களுக்குச் சட்டப்படி போகும் வெடி கல்கத்தாவில் இறங்கினால் சட்டவிரோதச் சரக்கு. 2023 அக்டோபரில்தான் அதை 125 ஆக்கினார்கள். அதற்கு இடையில் 2021 அக்டோபர் 29 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டாசுக்கும் தடை போட்டது. நவம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தீபாவளி நவம்பர் 4. கடையில் சரக்கை நிரப்பி வைத்திருந்த வியாபாரி அந்த மூன்று நாளும் எப்படித் தூங்கியிருப்பார் என்று நமக்குத் தெரியும்.

2020இல் கொரோனாவோடு பட்டாசுப் புகையும் சேர்ந்தால் ஆபத்து என்று ராஜஸ்தான் அரசு நவம்பர் முதல் வாரத்தில் விற்பனையைத் தடை செய்தது. ஒடிசாவும் தடை போட்டது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. சரக்கு லாரியில் போய்ச் சேர்ந்து, அட்வான்ஸ் கொடுத்து, கடை போட்ட பிறகு தடை. தமிழ்நாட்டு முதலமைச்சர் அந்த மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. கர்நாடகத்தில் முதலில் முழுத் தடை என்று அறிவித்தார்கள். பிறகு பசுமைப் பட்டாசு மட்டும் விற்கலாம் என்று மாற்றினார்கள்.

தில்லியின் கதை வேறு. அங்கே 2024 டிசம்பரில் ஆண்டு முழுவதற்குமான நிரந்தரத் தடை வந்தது. 2025 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சற்றே தளர்த்தி, தலைநகர்ப் பகுதியில் அக்டோபர் 18 முதல் 20 வரை மூன்றே நாள் பசுமைப் பட்டாசு விற்கலாம் என்றது. மூன்று நாள் வியாபாரத்துக்கு எந்தச் சிறு வியாபாரி முதல் போட முடியும்?

நம் பக்கம் அப்படி முழுத் தடை வந்ததில்லை. அதற்காக நிம்மதியாக இருந்து விடவும் முடியாது. வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள் அந்த மாநிலத்தின் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்க்காமல் ஆர்டர் எடுக்கக் கூடாது. சென்ற ஆண்டு விற்றது என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

இது நம் நாட்டுக்கு மட்டுமான சங்கடம் அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பொதுமக்கள் எந்தப் பட்டாசும் வாங்கவோ வெடிக்கவோ கூடாது. கையில் பிடிக்கும் கம்பி மத்தாப்புக்கும் தடை. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷையரில் விற்கலாம். அதனால் எல்லைக் கோட்டை ஒட்டி அந்தப் பக்கம் பெரிய பெரிய பட்டாசுக் கடைகள். ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு முன் இந்தப் பக்கத்து ஆட்கள் காரில் போய் வாங்கி வருகிறார்கள். திரும்பி வரும் வழியில் மாசசூசெட்ஸ் போலீஸ் பிடித்தால் சரக்கு பறிமுதல். விற்றவர் மேல் தவறில்லை, வாங்கி எல்லையைத் தாண்டியவர் மேல்தான் தவறு. நம் தமிழர்கள் பெருவாரியாக வாழும் சிங்கப்பூரில் 1972 முதல் பொதுமக்கள் பட்டாசு வெடிக்கத் தடை. அங்கே தீபாவளி பலகாரத்தோடும் விளக்கோடும்தான்.

எல்லையோரத்தில் நடந்த துயரங்கள்

வழக்கும் அபராதமும் ஒரு பக்கம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருவோம்.

2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் நாட்டு வெடி மூட்டையோடு ஸ்கூட்டரில் வந்த ஒரு தந்தையும் அவருடைய சிறு மகனும் அந்த மூட்டை வெடித்ததில் நடுச்சாலையிலேயே இறந்து போனார்கள். அக்கம்பக்கத்தில் போனவர்களும் காயம் பட்டார்கள். காலாப்பட்டிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போய் வருகிறார்கள்.

நாட்டு வெடியில் கம்பெனி பெயர் இருக்காது, உரிம எண் இருக்காது, என்ன மருந்து எவ்வளவு போட்டார்கள் என்பது கட்டியவருக்கே நிச்சயமாகத் தெரியாது. சாக்கில் கட்டி வண்டியில் வைத்தால் குலுங்கலும் உரசலும் சூடும் போதும். "விலை குறைவு, சத்தம் அதிகம்" என்று வாடிக்கையாளர் கேட்பார். தெரிந்தவர் ஒருவர் இரண்டு மூட்டை கொண்டு வந்து "விற்றுக் கொடுங்கள், பிறகு கணக்குப் பார்ப்போம்" என்று இறக்கி விட்டுப் போவார். அந்த மூட்டையைக் கடைக்குள் ஏற்றாதீர்கள். அதில் வரும் லாபம் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

அதே 2021 அக்டோபர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. தீ பக்கத்துப் பேக்கரிக்குப் பரவி அங்கிருந்த கேஸ் சிலிண்டர்களும் வெடித்தன. ஐந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடைத்தெருவில் நெருக்கமாக இருக்கும் நம் கடைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் டீக்கடை, மறு பக்கம் பேக்கரி, மாடியில் குடும்பம்.

2023 அக்டோபர் 7 அன்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கர்நாடக ஊரான அத்திப்பள்ளியில், கடையும் கிட்டங்கியும் சேர்ந்த இடத்தில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் மேலும் சிலர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்குப் போன இளைஞர்கள். படிக்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. அதன் பிறகு கர்நாடக அரசு திருமணத்திலும் ஊர்வலத்திலும் கட்சிக் கூட்டத்திலும் பட்டாசு கூடாது என்று அறிவித்தது. ஓர் இடத்து விபத்து, மாநிலம் முழுவதும் உள்ள வியாபாரிகளின் தலையில் விடிந்தது.

கடை எப்படி இருக்க வேண்டும்?

மளிகை அலமாரியில் கற்பூரத்துக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில் நாலு பெட்டி மத்தாப்பு வைத்து விற்பது நம்மில் பலருக்குப் பழக்கம். "சின்னக் கடைதானே" என்ற நினைப்பு. விதியில் சின்னக் கடை, பெரிய கடை என்ற பேதம் இல்லை.

நிரந்தரக் கடை என்றால் செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடமாக இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். தரைத் தளத்தில்தான் இருக்க வேண்டும். நிலவறை கூடாது. மேலே குடியிருப்பு இருக்கக் கூடாது. மாடிப்படியும் லிஃப்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் வெளியேற வழி வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து நிற்க இடம் வேண்டும். வெடிபொருளோ தீப்பற்றும் பொருளோ வைத்திருக்கும் வேறு இடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

பண்டிகைக்காகப் போடும் தற்காலிகக் கடைக்கு விதி வேறு. கொட்டகை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கீற்றும் படுதாவும் உதவாது, தகரம் வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி. குடியிருப்பு, பள்ளி போன்ற பாதுகாக்க வேண்டிய இடங்களிலிருந்து 50 மீட்டர். கடைகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி எதிரெதிரே இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த நெருப்பு எதுவும் ஆகாது. மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தியதாக இருக்க வேண்டும், ஒயரில் தொங்கக் கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெரிய சுவிட்ச். ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துக் காட்டக் கூடாது.

இவற்றோடு, 18 வயது நிறையாத பையனைப் பட்டாசு வேலைக்கு வைக்காதீர்கள். பூஜைக்கு ஏற்றும் ஊதுபத்தியும் வேண்டாம். இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர், வேலை செய்யும் நிலையில் ஒரு தீயணைப்பான் இவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கடைக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பட்டாசு வைப்பதை முன்கூட்டியே தெரிவித்து எழுத்தில் பதில் வாங்கிக் கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் வைத்த சரக்கால் தீப்பிடித்தால், கடை முழுவதற்குமான இழப்பீடு கேட்கும்போது வாய் அடைத்துப் போகும்.

எந்தச் சரக்கு எடுக்கலாம்?

2018 தீர்ப்புக்குப் பிறகு விற்கத் தகுந்தது பசுமைப் பட்டாசு மட்டும்தான். பழைய வகையைவிடக் குறைந்தது 30 சதவிகிதம் புகை குறையும்படி நாகபுரியில் உள்ள 'நீரி' என்ற மத்திய ஆய்வு நிலையம் வகுத்த முறையில் செய்தவை அவை. பெட்டியில் பச்சை முத்திரையும் கியூ.ஆர். குறியீடும் இருக்கும். சரக்கு வந்து இறங்கும்போதே இரண்டு பெட்டியை எடுத்துப் பார்த்து விடுங்கள்.

பேரியம் உப்புச் சேர்த்த பட்டாசுக்குத் தடை. பச்சை நிறத்துக்கும் சில மத்தாப்பு வகைகளுக்கும் அதைத்தான் சேர்த்து வந்தார்கள். ஒன்றோடு ஒன்று கோத்த சரவெடிக்கும் தடை. இந்த இரண்டையும் அனுமதிக்கக் கோரிய மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த உத்தரவுகள் நாடு முழுவதற்கும் பொருந்தும் என்பதை 2023 நவம்பரில் தெளிவாகவும் சொல்லி விட்டது. ஆகவே "அது தில்லிக்கு, நமக்கு இல்லை" என்று பேச இனி இடமில்லை. இணைய விற்பனை நிறுவனங்கள் பட்டாசு ஆர்டர் எடுப்பதற்கும் 2018இலிருந்தே தடை இருக்கிறது. உரிமம் பெற்ற கடைதான் விற்க வேண்டும் என்பது ஒரு வகையில் நம் போன்ற கடைக்காரர்களுக்குச் சாதகமான உத்தரவு. அந்தச் சாதகத்தைக் காப்பாற்றிக் கொள்வது நம் ஒழுங்கில் இருக்கிறது.

வரி விஷயம். முன்பெல்லாம் புதுச்சேரி வரி ஒன்று, தமிழ்நாட்டு வரி ஒன்று. எந்தப் பக்கம் வாங்கினால் மிச்சம் என்று கணக்குப் போட்ட காலம் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தக் கணக்குக்கு வேலை இல்லை. பட்டாசுக்கு இரு புறமும் 18 சதவிகிதம்தான். ஆனால் புதுச்சேரிக் கடை தமிழ்நாட்டுக் கடைக்குச் சரக்கு அனுப்பினால், இரண்டு கிலோமீட்டர் தூரமானாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதற்குரிய ஐ.ஜி.எஸ்.டி. பில் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். வாங்குகிறவர் கடைக்கு எல்.இ. 5 உரிமம் இருக்கிறதா என்று பார்த்து அதன் நகலைக் கோப்பில் வைத்துக் கொள்ள வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ சரக்கு ஏற்றக் கூடாது. ரயிலில் கொண்டு போனால் 3 ஆண்டு வரை சிறை என்று ரயில்வே சட்டம் சொல்கிறது.

நாம் கேட்க வேண்டியது

விதியைச் சொல்லி வியாபாரியை மிரட்டுவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு.

ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்பே இரு மாவட்ட நிர்வாகமும் எல்லையோர வணிகர்களை ஒன்றாக அழைத்துப் பேச வேண்டும். காவல் துறை, தீயணைப்புத் துறை, வருவாய்த் துறை மூன்றும் அந்த மேசையில் இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதியும் உரிமம் கொடுக்கும் தேதியும் இரு புறமும் ஒத்து வர வேண்டும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு உரிமம் கிடைத்தால் அதனால் யாருக்கு என்ன பயன்? நியாயமாகக் காத்திருந்தவன் நஷ்டப்படுகிறான், காத்திருக்காமல் திருட்டுத்தனமாக விற்றவன் லாபம் பார்க்கிறான். வெடிக்கும் நேரத்தையும் இரு அரசும் ஒன்றாக அறிவிக்கலாம். காலாப்பட்டில் ஒரு நேரம், அடுத்த தெருவில் வேறொரு நேரம் என்று வந்தால் மக்கள் எதைப் பின்பற்றுவார்கள்?

காலாப்பட்டில் குடியிருப்புக்கு வெளியே ஒரு திடலைத் தற்காலிகக் கடைகளுக்கென்று ஒதுக்கித் தரும்படி சங்கம் மூலம் கேட்கலாம். விதிப்படி இடைவெளி விட்டுத் தகரக் கொட்டகை போடும் செலவைப் பத்துப் பேர் பகிர்ந்து கொண்டால் சிறு கடைக்காரரும் சட்டப்படி விற்க முடியும். பண்டிகை முடிந்து மீந்த சரக்கை எங்கே வைப்பது, யாரிடம் திருப்பித் தருவது என்பதற்கும் வழி சொல்ல வேண்டும். தற்காலிக உரிமம் முடிந்த மறுநாள் அந்தச் சரக்கு வீட்டுப் பரணில் ஏறினால் அதைவிட ஆபத்து வேறில்லை. கொள்முதல் செய்யும்போதே மொத்த வியாபாரியிடம் மீதியைத் திரும்ப எடுத்துக் கொள்ளச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

நாட்டு வெடி விஷயத்தில் மட்டும் நாம் அரசைக் கேட்க வேண்டியதில்லை, நாமே முடிவு செய்யலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள சங்கமும் அந்தப் பக்கம் உள்ள சங்கமும் சேர்ந்து எந்த உறுப்பினரும் அதை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை என்று தீர்மானம் போட்டால் அந்தச் சரக்குக்குக் கடைத்தெருவில் இடம் இருக்காது.

வணிகப் பெருமக்களே, ஒரு தீபாவளிச் சீசனில் பட்டாசில் வரும் லாபம் வேறு சரக்கிலும் வரும். கோட்டக்குப்பத்தில் போன அந்த இரண்டு உயிர்கள் திரும்பி வராது. உரிமம் எடுத்து, இடம் பார்த்து, நல்ல சரக்கு வாங்கி, பில் போட்டு விற்போம். அது முடியாத கடைக்காரர் "நம்மிடம் பட்டாசு இல்லை, திடலில் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புவோம். அப்படிச் சொல்வதால் வாடிக்கையாளர் போய் விட மாட்டார். மறுநாள் பலகாரத்துக்கு மாவும் எண்ணெயும் வாங்க நம் கடைக்கேதான் வருவார்.